விராவில் 4ஜி63 டர்போ: ஈசியூ வாங்கும் முன் ஒரு காகிதம் எடுங்கள்

புரோட்டான் விராவில் மிட்சுபிஷி லான்சர் ஈவோ 3-இன் 4ஜி63 டர்போ எஞ்சினை ஏற்றுவது மலேசியாவில் புதிதல்ல. விரா அந்தத் தலைமுறை லான்சரின் உடம்புதான் என்பதால் எஞ்சின் பெரிய சண்டை இல்லாமல் உட்கார்ந்துவிடும். எனக்கு எஞ்சின் ஏற ஒரு வாரம் ஆனது. அது ஸ்டார்ட் ஆக இரண்டு மாதம். இழுத்தடித்தது முழுக்க ஈசியூ, அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி. மவுண்ட், கியர்பாக்ஸ் கதையெல்லாம் எந்தப் பட்டறையிலும் சொல்லித் தருவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: பழைய ஈசியூவை முகர்ந்து பாருங்கள்

விளையாட்டில்லை. ஹாஃப்-கட்டோடு (பாதியாக வெட்டி விற்கும் பழைய காரின் முன்பகுதி) வரும் ஈசியூவுக்கு வயது முப்பதை ஒட்டி இருக்கும். மூடியைக் கழற்றியதும் கருவாட்டு வாடை அடித்தால் உள்ளே கெப்பாசிட்டர் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கசிவு போர்டில் உள்ள செம்புக் கோடுகளை அரித்துவிடும். வாடை இல்லை, வயரிங் முழுசாக இருக்கிறது, பூஸ்ட்டை (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை) கூட்டும் எண்ணமும் இல்லை என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், காசு மிச்சம். என்னுடையதில் வாடையும் அடித்தது. விற்றவர் வயர்களையும் கட்டர் வைத்து ஒட்ட வெட்டியிருந்தார்.

படி 2: எஞ்சினில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை குதிரை தாங்கும்?" என்றுதான். ஈசியூவுக்குக் குதிரை தெரியாது. அதற்குத் தெரிந்தது உள்ளே வரும் சிக்னலும் வெளியே போகும் சிக்னலும்தான்.

இந்த எஞ்சினில் தீப்பொறிக்கு இரண்டு காயில், அவற்றை இயக்கத் தனியாக ஒரு இக்னைட்டர். ஆகவே இரண்டு இக்னிஷன் அவுட்புட் போதும். ஐடில் வால்வு (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சினை அணையாமல் பிடிப்பது) ஸ்டெப்பர் மோட்டார் வகை. மலிவான சில ஈசியூக்கள் அதை ஓட்டாது. பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை மல்டிமீட்டரில் அளந்தால் 2, 3 ஓம்தான் காட்டும். நேராக 14 வோல்ட் கொடுத்தால் சுமார் ஐந்து முதல் ஏழு ஆம்பியர் வரை இழுத்து ஈசியூவின் டிரைவரை எரித்துவிடும். அதற்காகத்தான் வழியில் ஒரு ரெசிஸ்டர் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஹாஃப்-கட் கடையில் அதை மறந்துவிட்டு வராதீர்கள்.

படி 3: தேர்வு

பழைய ஈசியூவின் சிக்னலை நடுவில் மாற்றிக் கொடுக்கும் பிக்கிபேக் எனக்குப் பிடிக்காது. கெட்டுப்போகப் போகிற ஈசியூ மேலேயே அதுவும் சவாரி செய்கிறது. கையில் காசு இருந்தால் ஹால்டெக் அல்லது லிங்க் ஈசியூ எடுங்கள், முக்கியமாக நாக் (பெட்ரோல் நேரம் தப்பி வெடிப்பது) கன்ட்ரோலுக்காக. டர்போவில் நாக் வந்தால் பிஸ்டன் போய்விடும். சாலிடரிங் வரும், பொறுமையும் உண்டு என்றால் மெகாஸ்குவர்ட் அல்லது ஸ்பீடுவினோ. இரண்டுமே 4ஜி63 சிக்னலைப் படிக்கும். நான் எடுத்தது மெகாஸ்குவர்ட். ரான் 97 பெட்ரோல், அடக்கமான டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) என்று ஓட்டுகிறேன்.

மேப் சென்சரின் (இன்டேக் மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளப்பது) எல்லையையும் பாருங்கள். மெகாஸ்குவர்ட், ஸ்பீடுவினோ போர்டுகளில் வருவது பெரும்பாலும் 250 கேபிஏ வரை படிக்கும், அதாவது சுமார் 1.5 பார் பூஸ்ட். அதைத் தாண்டினால் ஈசியூவுக்குக் கண் தெரியாது.

படி 4: கிராங்க் ஆங்கிள் சென்சர்

எஞ்சின் எந்தக் கோணத்தில் சுழல்கிறது என்று ஈசியூவுக்குச் சொல்வது இது. என் இரண்டு மாதத்தில் பாதியை விழுங்கியது இதுதான். கேம் ஷாஃப்ட்டோடு சுழலும் ஒரு தட்டு. வெளி வட்டத்தில் நான்கு துளை, உள் வட்டத்தில் இரண்டு. துளை வழியே ஒளி விழுவதை வைத்து சென்சர் சிக்னல் தருகிறது. மொத்தம் நான்கு வயர்: 12 வோல்ட், எர்த், இரண்டு சிக்னல்.

எல்லாம் சரியாகக் கொடுத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினால் ஆர்பிஎம் பூஜ்யம். சென்சர் செத்துவிட்டது என்று இன்னொன்று வாங்கினேன். அதுவும் பூஜ்யம். கடைசியில் பார்த்தால், இந்தச் சென்சர் சொந்தமாக வோல்டேஜ் தராது, வயரை எர்த்துக்கு இழுக்க மட்டுமே செய்யும். 5 வோல்ட்டை ஈசியூதான் கொடுக்க வேண்டும். பழைய ஈசியூ உள்ளேயே கொடுத்தது, என் போர்டில் அது இல்லை. ஒவ்வொரு சிக்னல் வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தேன். சில காசு சாமான். சென்சரைக் கழற்றிக் கையில் பிடித்து, சாவியை ஆன் செய்து, விரலால் மெல்லச் சுற்றினேன். மீட்டர் 0, 5, 0, 5 என்று குதித்தது. பக்கத்து வீட்டு அங்கிள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன்.

படி 5: ஓட்டும் முன் டைமிங் லைட்

மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டுங்கள். டைமிங் லைட்டை (தீப்பொறியோடு மின்னும் விளக்கு) கிராங்க் புல்லியில் அடித்து, அதன் புள்ளியும் 10-இல் நிற்கிறதா பாருங்கள். நிற்காவிட்டால் மென்பொருளில் ஆஃப்செட்டைத் திருத்துங்கள். அதற்கு முன் காயிலைத் தொட்டுப் பாருங்கள். சாவி போட்ட கொஞ்ச நேரத்திலேயே சுட்டால் இக்னிஷன் சிக்னல் தலைகீழாக இருக்கிறது, உடனே ஆஃப் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் பழைய ஏர்ஃப்ளோ சென்சரைத் தூக்கிவிட்டு மேப் சென்சருக்கு மாறிய இருவர், வெயிலில் நிறுத்தி எடுத்தால் எஞ்சின் தடுமாறுகிறது என்றார்கள். காற்றின் வெப்பத்தை அளப்பதும் அந்த ஏர்ஃப்ளோ பெட்டிக்குள்தான் இருந்தது. அதை எழுத மறந்தது என் தப்பு. தனியாக ஒரு சென்சர் போட வேண்டும். இருவரும் போட்டிருந்தார்கள், ஆனால் இன்டேக் மேனிஃபோல்டில். அலுமினியம் சூடேறியதும் காற்றே சூடு என்று நினைத்து ஈசியூ பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. இன்டர்கூலருக்கும் திராட்டிலுக்கும் நடுவே உள்ள பைப்பில் மாட்டுங்கள். ஒருவர் மாற்றிவிட்டார், இப்போது கோலாலம்பூர் ஜாமிலும் தடுமாறவில்லையாம். இன்னொருவர் பைப்பை வெல்டிங்குக்குக் கொடுத்திருக்கிறார்.