குறிப்பிட்ட எழுத்துகள் அடங்கிய ஆங்கிலச் சொற்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

குறுக்கெழுத்துப் புதிர், ஸ்கிராபிள், வேர்டில் போன்ற சொல் விளையாட்டுகளில் "இந்த எழுத்துகள் வரும் சொல் என்ன?" என்று கேட்பவர்களில் பலர், தாங்கள் கேட்பது ஒரே கேள்வி என்றுதான் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்தத் தொடருக்குள் பல கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. தேடலில் சேரும் குப்பைக்குப் பெரும்பாலும் காரணம் தேடும் கருவி அன்று. எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்று முடிவு செய்யாததே.

ஜி, எச், டி என்னும் மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். இங்கே டி என்பது டைகர் என்ற சொல்லின் முதலெழுத்து. இம்மூன்றும் எந்த வரிசையிலாவது இருந்தால் போதும் என்றால் டுகெதர், க்ரோத், லெங்த் ஆகியவை எல்லாம் விடையாகும். அவை இதே வரிசையில் வர வேண்டும், இடையில் வேறு எழுத்து வரலாம் என்றால் அம்மூன்றும் விலகிவிடும். கோஸ்ட், ஹையஸ்ட் ஆகியவை நிற்கும். மூன்றும் ஒட்டியே வர வேண்டும் என்றால் கோஸ்ட்டும் போய், ஃப்ளைட், தாட், ஹைலைட் போன்றவைதாம் மிஞ்சும். இவற்றுக்கு நேர் எதிரான கேள்வியும் ஒன்று உண்டு: கையில் உள்ள எழுத்துகளை மட்டும் கொண்டு என்னென்ன சொற்களை ஆக்கலாம் என்பது. கோஸ்ட் என்பதன் ஐந்து எழுத்துகளுக்குள்ளேயே ஹோஸ்ட், ஷாட், ஹாட், காட் ஆகியவை அடங்கிவிடுகின்றன. ஸ்கிராபிள் ஆட்டக்காரருக்கு வேண்டியது பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. முதல் வகைக்கான தேடலில் அவர் எவ்வளவு துழாவினாலும் பயனில்லை. வேர்டிலோ ஐந்தெழுத்துச் சொல்லில் எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது, எது எந்த இடத்தில் வரலாகாது என்று மூன்று நிபந்தனைகளையும் சேர்த்துக் கேட்கிறது.

கருவி எதுவும் இல்லாமல் மனத்தாலேயே தேடும்போது, எழுத்துகளைத் தனித்தனியாகப் பார்ப்பதை விட்டு, அவை வழக்கமாக எவற்றோடு சேர்கின்றன என்று பார்ப்பதே விரைவான வழி. ஆங்கிலத்தில் எச் என்ற எழுத்து சொல்லின் நடுவிலும் இறுதியிலும் தனியாக நிற்பது குறைவு. சி, ஜி, எஸ், டி ஆகியவற்றுள் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டே பெரும்பாலும் வரும். ஜி என்ற எழுத்தோ ஐ-என்-ஜி என்ற விகுதியில் மிகுதியாக வரும். ஜி, எச், டி மூன்றும் உள்ள சொற்களைத் தேடும்போது இந்த இரண்டு பழக்கங்களையும் இணைத்தால், டி-எச் கூட்டோடு அவ்விகுதியைச் சேர்த்து நத்திங், எஸ்-எச் கூட்டோடு சேர்த்து ஷூட்டிங், சி-எச் கூட்டோடு சேர்த்து டீச்சிங் என்று சொற்கள் தாமாகவே வரத் தொடங்கும். எச் சொல்லின் முதலில் நின்றால் ஹண்டிங் கிடைக்கும். என்-ஜி-டி-எச் என்று முடிபவற்றை நினைத்தால் ஸ்ட்ரெங்த் வரும். ஒலியை நம்பித் தேடுவது மட்டும் கூடாது: ஃப்ளைட் என்று சொல்லும்போது ஜி, எச் இரண்டுமே காதில் விழுவதில்லை.

தரப்பட்ட எழுத்துகளுள் க்யூ, ஜே, எக்ஸ், இசட் போன்ற அரிய எழுத்து ஒன்று இருந்தால் அதிலிருந்தே தொடங்க வேண்டும். எக்ஸ், ஒய், எல் மூன்றும் வேண்டுமென்றால், எக்ஸ் உள்ள சொற்களை நினைத்துப் பார்த்து, அவற்றில் மற்ற இரண்டும் உள்ளனவா என்று சரிபார்ப்பது எளிது. காலக்ஸி, சைலோஃபோன், எக்ஸாக்ட்லி ஆகியவை இப்படித்தான் அகப்படும்.

கணினியில் தேடுவோருக்கு ஒன்லுக் போன்ற தேடுதளங்களில் இரண்டு குறிகள் போதும்: கேள்விக்குறி ஏதேனும் ஓர் எழுத்தையும், நட்சத்திரக்குறி எத்தனை எழுத்துகளை வேண்டுமானாலும் குறிக்கும். இவை வரிசை தெரிந்த தேடலுக்கே ஏற்றவை. வரிசை தெரியாதபோது, சொற்பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு முதலில் ஓர் எழுத்து உள்ள சொற்களையும், அவற்றுள் அடுத்த எழுத்து உள்ளவற்றையும் என்று அடுத்தடுத்துச் சலித்தெடுக்க வேண்டும். மேக், லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் உள்ள, குறிப்பிட்ட எழுத்துகள் வரும் வரிகளை மட்டும் பொறுக்கித் தரும் க்ரெப் என்ற கட்டளை இதற்குப் போதுமானது. எந்த எழுத்திலிருந்து தொடங்கினாலும் இறுதி விடை ஒன்றே.

இதில் ஒரு பொறி உண்டு. டி என்ற எழுத்து இரண்டு முறை வர வேண்டும் என்பதற்காக அதே எழுத்தால் இரண்டு முறை சலித்தால் எதுவும் மாறாது. ஒரு முறை வந்த சொல்லும் இரண்டு சல்லடைகளிலும் தப்பிவிடும். எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். எக்செல் போன்ற விரிதாளில், சொல்லின் நீளத்திலிருந்து, அந்த எழுத்தை நீக்கிய பின் உள்ள நீளத்தைக் கழித்தால், அது எத்தனை முறை வந்துள்ளது என்று தெரிந்துவிடும். பெரிய எழுத்துகளையெல்லாம் முன்பே சிறிய எழுத்தாக்கிக்கொள்வது நல்லது.

எல்லா எழுத்துகளையும் ஒரு முறை மட்டும் பயன்படுத்தி, எதையும் மிச்சம் வைக்காமல் வேறு சொல் காண்பது தனிக் கலை. வெவ்வேறான ஆறு எழுத்துகளை 720 வகையாகவும், எட்டு எழுத்துகளை 40,320 வகையாகவும் மாற்றி அடுக்கலாம் என்பதால், ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்ப்பது வீண் வேலை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசைப்படுத்தி, அதையே அச்சொல்லின் திறவுகோலாகக் கொண்டால் போதும். லிசன் என்பதன் திறவுகோல் ஈ, ஐ, எல், என், எஸ், டி. சைலன்ட், என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ் ஆகியவற்றுக்கும் அதுவேதான். திறவுகோலின்படி பட்டியலை ஒரு முறை அடுக்கிவிட்டால் இவை ஐந்தும் அடுத்தடுத்து வந்து நிற்கும்.

இவ்வளவுக்கும் அடித்தளம் சொற்பட்டியல்தான் என்பதால் அதைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். மேக் கணினிகளில் உள்ள பட்டியல் 1934-இல் வெளியான வெப்ஸ்டர் அகராதியின் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் 2,30,000-க்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தாலும் பன்மை வடிவங்களில் பெரும்பாலானவை இல்லை, வழக்கொழிந்த சொற்களோ ஏராளம். ஸ்கிராபிளுக்கு அது உதவாது. அங்கே ஆட்டத்துக்குரிய பட்டியலையே கொள்ள வேண்டும். அதிலும் வட அமெரிக்கப் பட்டியலும், பிற நாடுகளில் பெரும்பாலும் வழங்கும் காலின்ஸ் பட்டியலும் ஒன்றல்ல என்பதால், எதை வைத்து ஆடுவது என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.