ராமேஸ்வரத்தில் சர்வர், ராமநாதபுரத்தில் நீங்கள்: ரிமோட் மேனேஜ்மென்ட் போர்ட்டை அமைப்பது எப்படி

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் மீன் கம்பெனி, ஐஸ் பிளான்ட், லாட்ஜ் என்று எங்காவது ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கரண்ட் போய் வந்ததும் "சர்வர் எந்திரிக்கல அண்ணே" என்று போன் வரும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவ்வளவு தூரம் போய்ப் பார்த்தால், தொடர எஃப்1 அழுத்தவும் என்று திரையில் ஒரு வரி நின்றுகொண்டிருக்கும். அந்த ஒரு விசையை வீட்டிலிருந்தே அழுத்தலாம். அதற்கான கருவி சர்வருக்குள்ளேயே இருக்கிறது. பல இடங்களில் அதில் கேபிள்கூடச் செருகாமல் கிடக்கிறது.

சர்வர் மதர்போர்டில் பிஎம்சி என்று தனியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. பவர் கேபிளில் கரண்ட் இருந்தால் போதும், சர்வர் ஆஃப் ஆகியிருந்தாலும் இது ஓடிக்கொண்டிருக்கும். டெல் இதை ஐடிராக் என்கிறது, ஹெச்பிஇ ஐஎல்ஓ என்கிறது, சூப்பர்மைக்ரோவில் ஐபிஎம்ஐ என்றே சொல்வார்கள். ஐபிஎம்ஐ என்பது 1998-ல் இன்டெல், டெல், ஹெச்பி, என்இசி சேர்ந்து கொண்டுவந்த பொது விதிமுறை. ஆன் செய்வது, ஆஃப் செய்வது, பயாஸ் (ஓஎஸ் எழுமுன் வரும் அமைப்பு) திரையைப் பார்ப்பது, வெப்பநிலை, ஃபேன் வேகம், பழுதுப் பதிவு எல்லாம் இதன் வழியே கிடைக்கும்.

இதை அமைக்கச் சர்வரை ஒருமுறையாவது நிறுத்த வேண்டியிருக்கும். மீன் கம்பெனி என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பில் போடும் அவசரம் இருக்காது, உங்களை யாரும் விரட்ட மாட்டார்கள்.

படி 1: போர்ட்டைக் கண்டுபிடித்து ஐபி கொடுப்பது

சர்வரின் பின்புறம் மற்ற நெட்வொர்க் போர்ட்டுகளிலிருந்து கொஞ்சம் விலகி ஒன்று இருக்கும். ஸ்பேனர் படமோ, ஐடிராக், ஐஎல்ஓ என்ற பெயரோ போட்டிருக்கும். கேபிள் செருகுமுன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கடலோரத்தில் உப்புக்காற்று பட்டு, பயன்படுத்தாத போர்ட்டின் பின்கள் பச்சை பூத்திருப்பது சாதாரணம். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, பிறகு செருகுங்கள். காலியாக இருக்கும் போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போட்டுவிடுங்கள்.

சர்வரை ஆன் செய்து டெல் என்றால் எஃப்2, ஹெச்பிஇ என்றால் எஃப்9, சூப்பர்மைக்ரோ என்றால் டெலீட் விசை. உள்ளே ஐடிராக் செட்டிங்ஸ், அல்லது பிஎம்சி நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் என்று இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். டிஹெச்சிபி, அதாவது ரூட்டரே ஐபி கொடுக்கும் முறை, வேண்டாம். ரூட்டர் மாற்றிய அன்றே ஐபி மாறிவிடும். நீங்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நிலையான ஐபி கொடுங்கள். நான் நிர்வாகத்துக்கென்று தனி வரிசை ஒதுக்கிவிடுவேன்: ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் 192.168.1-ல், பிஎம்சி 192.168.50-ல். இந்த 50-வது வரிசைக்கு ரூட்டரில் ஒரு போர்ட்டைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் போதும்.

சப்நெட் மாஸ்க்குக்குக் கீழே கேட்வே என்று ஒரு கட்டம் இருக்கும். அதைச் சுழியமாக விட்டுவிடாதீர்கள், ரூட்டரின் ஐபியைப் போடுங்கள். காரணம் கடைசியில் வருகிறது.

படி 2: டெடிகேட்டடா, ஷேர்டா, ஃபெயில்ஓவரா

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். எல்லாம் சரியாக அமைத்துவிட்டு ஊர் திரும்பிய பிறகு, ஒரு மழை நாளில் பிஎம்சி காணாமல் போவது பெரும்பாலும் இந்த ஒரு வரியால்தான். எனக்கு அதிக நேரம் தின்ற இடமும் இதுதான்.

பிஎம்சி வெளியே பேச மூன்று வழி உண்டு. டெடிகேட்டட் என்றால் அதற்கென்று உள்ள தனி போர்ட் மட்டும். ஷேர்டு என்றால் சர்வரின் சாதாரண நெட்வொர்க் போர்ட்டையே பங்குபோட்டுக்கொள்ளும். ஃபெயில்ஓவர் என்றால் தனி போர்ட்டில் இணைப்பு இருந்தால் அதை எடுக்கும், இல்லையென்றால் முதல் நெட்வொர்க் போர்ட்டுக்குத் தாவும். சூப்பர்மைக்ரோ போர்டுகளில் தொடக்க நிலையாக இந்த ஃபெயில்ஓவர்தான் இருக்கும். தனிக் கேபிள் இல்லாதவருக்கும் வேலை செய்யட்டும் என்று நல்ல எண்ணத்தில் வைத்தது. நம்ம ஊர் மின்வெட்டில் அது வேறு மாதிரி போய்விடுகிறது.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து எல்லாம் அணைகிறது. கரண்ட் வந்ததும் பிஎம்சியும் ரூட்டரும் ஸ்விட்சும் ஒரே நேரத்தில் எழுகின்றன. மேனேஜ்டு ஸ்விட்ச் முழுதாக எழ ஓரிரு நிமிடம் பிடிக்கும். அதற்குள் பிஎம்சி தனி போர்ட்டைப் பார்க்கிறது, இணைப்பு இல்லை, உடனே முதல் போர்ட்டுக்குப் போய்விடுகிறது. பல போர்டுகளில் இந்தச் சோதனை கரண்ட் வரும்போது மட்டுமே நடக்கும். பிறகு ஸ்விட்ச் எழுந்தாலும் பிஎம்சி திரும்பி வராது. 192.168.50.10 என்ற ஐபியோடு அது இப்போது ஆபீஸ் கேபிளில் உட்கார்ந்திருக்கிறது. அந்த வரிசை அங்கே கிடையாது, அதனால் பதிலும் வராது. போர்ட்டில் பச்சை விளக்கு மட்டும் எரியும். வாட்ச்மேன் அண்ணனிடம் போனில் கேட்டால், "லைட்டு எரியுது தம்பி, வேற என்ன பாக்கணும்?" என்பார். அவர் சொல்வது உண்மைதான்.

இப்படி மாட்டிக்கொண்டால் ஒரு வழி: ஆபீஸ் நெட்வொர்க்கில் உள்ள ஒரு லேப்டாப்புக்குத் தற்காலிகமாக 192.168.50.20 என்று ஐபி கொடுத்து 192.168.50.10-ஐ பிங் செய்து பாருங்கள். பதில் வந்தால் சந்தேகமே இல்லை, பிஎம்சி தாவிவிட்டது. அங்கிருந்தே வலைப்பக்கத்தில் நுழைந்து லேன் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் டெடிகேட்டட் என்று மாற்றிச் சேமியுங்கள். அந்த நொடியே இணைப்பு அறும், பயப்பட வேண்டாம், தனி போர்ட்டுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். புதிதாக அமைக்கிறவர்கள் முதலிலேயே டெடிகேட்டட் என்று வைத்துவிடுங்கள்.

படி 3: பாஸ்வேர்டு

பழைய டெல் சர்வர்களில் ரூட், கால்வின் என்பதுதான் தொடக்கப் பெயரும் பாஸ்வேர்டும், ஐபி 192.168.0.120. இது உலகத்துக்கே தெரியும். பழைய சூப்பர்மைக்ரோவில் இரண்டுமே அட்மின். 2020-லிருந்து கலிஃபோர்னியா சட்டத்தை ஒட்டி ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு ஒட்டி வருகிறது. ஹெச்பிஇயில் முன்னால் இழுக்கும் சின்ன அட்டையில் இருக்கும். உப்புக்காற்றிலும் புழுக்கத்திலும் ஸ்டிக்கர் எழுத்து மங்கிவிடும், இன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

புது பாஸ்வேர்டு 20 எழுத்துக்குள் இருக்கட்டும், ஐபிஎம்ஐ 2.0-ன் எல்லை அது. ஆனால் 16-க்குக் குறைய வேண்டாம். ஐபிஎம்ஐ 2.0 உள்நுழைவில் ஓர் அடிப்படை ஓட்டை உண்டு: பயனர் பெயரைச் சொல்லிக் கேட்கிற யாருக்கும், உள்ளே விடுவதற்கு முன்பே, பாஸ்வேர்டின் ஹேஷை (உருமாற்றிய வடிவத்தை) பிஎம்சி அனுப்பிவிடும். எடுத்துப்போய் நிதானமாக உடைக்கலாம். விதிமுறையிலேயே இருப்பதால் ஃபர்ம்வேர் (பிஎம்சிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட்டால் தீராது. வலைப்பக்கம் மட்டும் போதும் என்றால் ஐபிஎம்ஐ ஓவர் லேன் வசதியை அணைத்துவிடுங்கள். நான் அணைத்துத்தான் வைக்கிறேன்.

அதற்காக ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காமல் இருக்காதீர்கள். 2017-ல் ஐஎல்ஓ 4-ல் வெளிவந்த ஓட்டையில் வெறும் 29 எழுத்துகளை அனுப்பி பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போக முடிந்தது, 2.53 பதிப்பில் அடைத்தார்கள். செகண்ட்ஹேண்டில் வாங்கிய சர்வரென்றால் முதல் வேலை இதுவாக இருக்கட்டும்.

படி 4: வெளியிலிருந்து வர வழி

ரூட்டரில் போர்ட் ஃபார்வேர்டு போட்டு பிஎம்சியை நேரடியாக இன்டர்நெட்டில் திறந்து வைக்காதீர்கள். 443 (வலைப்பக்கம்), 623 (ஐபிஎம்ஐ) எதுவுமே வேண்டாம். "சும்மா ரெண்டு நாளைக்குத்தான்" என்பதும் வேண்டாம். பிஎம்சியைப் பிடித்தவன் ஹார்டு டிஸ்க்கையே அழிக்கலாம். 2018-ல் ஜங்கிள்செக் என்ற ரேன்சம்வேர் திறந்து கிடந்த ஐபிஎம்ஐ வழியாகத்தான் சர்வர்களுக்குள் புகுந்தது.

விபிஎன், அதாவது இன்டர்நெட் வழியே பூட்டிய தனிப்பாதை, போடுங்கள். என் தேர்வு வயர்கார்டு. அமைப்பது எளிது, சுமாரான 4ஜி இணைப்பிலும் அறுந்தால் தானே ஒட்டிக்கொள்ளும். அது ரூட்டரிலேயே ஓட வேண்டும். மைக்ரோடிக் ரூட்டர்ஓஎஸ் 7-லும் ஓபன்டபிள்யூஆர்டியிலும் வயர்கார்டு இருக்கிறது. விபிஎன்னை அதே சர்வருக்குள் ஓடவிட்டால் சர்வர் படுக்கும்போது விபிஎன்னும் படுக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எனிடெஸ்க் போட்டு அதன் வழியே போவதும் அப்படித்தான்: கரண்ட் வந்த பிறகு யாராவது அந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால்தான் உண்டு.

ரூட்டரின் வான் (இன்டர்நெட் பக்க) ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், பொது ஐபி உங்களுக்கு இல்லை, பலரோடு பங்குபோடுகிறீர்கள். வெளியிலிருந்து நேராக வர முடியாது. மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (பொது ஐபி உள்ள வாடகை சர்வர்) எடுத்து, ரூட்டரும் உங்கள் லேப்டாப்பும் அங்கே போய்ச் சந்திக்கும்படி வையுங்கள். ரூட்டர் பக்கம் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்கும் அமைப்பு) 25 நொடி என்று போட மறக்காதீர்கள்.

படி 5: ஊர் திரும்புமுன் சோதனை

பயாஸில் கரண்ட் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பைப் பழைய நிலைக்குத் திரும்பு என்று வையுங்கள். பிறகு மெயின் ஸ்விட்சையே அணையுங்கள். ரூட்டர், ஸ்விட்ச், சர்வர் எல்லாம் சேர்ந்து அணைந்து, சேர்ந்து எழட்டும். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் விபிஎன் போட்டு பிஎம்சி பக்கம் வருகிறதா பாருங்கள். வந்தால் ரிமோட் கன்சோலைத் திறந்து பயாஸ் வரை போய்த் திரும்புங்கள். ஜாவா கன்சோலோடு மல்லுக்கட்டாதீர்கள், ஹெச்டிஎம்எல்5 இருந்தால் அதுவே போதும். அதோடு ஐடென்டிஃபை விளக்கையும் ஒருமுறை சிமிட்டிப் பாருங்கள். "நீல லைட்டு மினுக்குற பெட்டிண்ணே" என்று சொல்லி போனில் ஒருவரை வழிநடத்த அதைவிட நல்ல வசதி கிடையாது.

விர்ச்சுவல் மீடியா வழியாக ஓஎஸ் ஏற்றலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: 4 எம்பிபிஎஸ் அப்லோடில் 1 ஜிபி போக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் அறுந்தால் முதலிலிருந்து. நான் சர்வரின் உள் யுஎஸ்பி போர்ட்டில் ஒரு பூட் பென்டிரைவை நிரந்தரமாகச் செருகிவிடுகிறேன்.

பின்சேர்க்கை

தொண்டியிலிருந்து ஒருவர் எழுதினார்: உள்ளூரில் பிஎம்சி பிங் ஆகிறது, விபிஎன்னில் மட்டும் ஆகவில்லை. கேட்வே கட்டம் சுழியமாக இருந்தது. உங்கள் கேள்வி பிஎம்சிக்குப் போய்ச் சேர்ந்துவிடும், பதிலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. படி 1-ல் அதை வலியுறுத்தியது இதற்காகத்தான்.

கீழக்கரையில் கடை வைத்திருக்கும் காக்கா (அண்ணன்) ஒருவருக்கு, ஐஎல்ஓ கன்சோல் பயாஸ் வரை தெரிந்து ஓஎஸ் எழுந்ததும் நின்றுவிட்டது. அது பழுதல்ல, அதற்குப் பிறகும் திரை தெரிய அட்வான்ஸ்டு லைசென்ஸ் வேண்டும். ஆன், ஆஃப், பழுதுப் பதிவு எல்லாம் லைசென்ஸ் இல்லாமலே கிடைக்கும். டெல்லில் விர்ச்சுவல் கன்சோலுக்கு என்டர்பிரைஸ் லைசென்ஸ் வேண்டும். பழைய சர்வர் வாங்கும்போதே லைசென்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லி வாங்குங்கள்.

சிசிடிவி பதிவுக்காகத் தனி கிராபிக்ஸ் கார்டு போட்டதும் கன்சோல் கறுப்பாகிவிட்டது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பிஎம்சியால் போர்டிலேயே உள்ள விஜிஏ சிப்பின் படத்தை மட்டுமே காட்ட முடியும். பயாஸில் பிரைமரி டிஸ்ப்ளேயை ஆன்போர்டு என்று மாற்றி ரீபூட் செய்யுங்கள், திரை வந்துவிடும்.