இந்த போனா, அந்த போனா? வாங்கும் முன் நாம் செய்யும் தவறுகள்

இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு போன் வாங்கினேன். 18,000 ரூபாய் பட்ஜெட்டில் இரண்டு போன்கள் கடைசிவரை போட்டியில் நின்றன. ஒரு வாரம் உட்கார்ந்து வரி வரியாக ஒப்பிட்டேன். ஒன்றில் 64 மெகாபிக்சல் கேமரா, இன்னொன்றில் 108. ஒன்றில் 6 ஜிபி ரேம், இன்னொன்றில் 8. எதில் எண் பெரிதோ அதையே வாங்கிக் கொடுத்தேன். பத்து நாள் ஆனதும், பேசிக்கொண்டு இருக்கும்போதே அம்மாவின் குரல் பாதியில் நின்றுபோக ஆரம்பித்தது. சிக்னல் கோளாறு என்று நினைத்தேன். ஊருக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் விஷயம் புரிந்தது. போனைக் காதில் வைத்த பிறகும் திரை அணையவில்லை. கன்னம் பட்டு மியூட் பட்டன் அழுந்துகிறது. "எனக்குத்தான் சரியா பிடிக்கத் தெரியலையோ என்னவோப்பா" என்று அம்மா சொன்னது இன்னும் உறுத்துகிறது. அவர் பிடித்ததில் ஒரு தப்பும் இல்லை.

போனைக் காதுக்குக் கொண்டுபோனால் திரை அணைவதற்குக் காரணம், மேல் விளிம்பில் இருக்கும் ப்ராக்சிமிட்டி சென்சார். விலையைக் குறைப்பதற்காகச் சில மாடல்களில் அதைத் தனியாக வைப்பதில்லை. போன் அசைகிற விதத்தையும் திரையில் எது படுகிறது என்பதையும் வைத்து, 'இப்போது காதில் இருக்கிறது' என்று மென்பொருளே ஊகித்துக்கொள்ளும். பல நேரம் சரியாக ஊகிக்கும், சில நேரம் தவறும். விவரப் பட்டியலின் கடைசியில் 'விர்ச்சுவல்' என்று ஒரே ஒரு சொல்லில் அது எழுதியிருந்தது. 108 என்ற எண்ணைப் பத்து தடவை பார்த்த நான் அந்த வரி வரைக்கும் போகவே இல்லை.

நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு இதுதான். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்களை மட்டும் வைத்து இரண்டு போன்களை மோதவிடுகிறோம். அந்த எண்களைத் தேர்ந்தெடுத்து அச்சடித்தவர்கள் விற்பவர்கள். தினமும் நம்மைச் சிரமப்படுத்தப் போகிற விஷயம் எதுவும் அந்தப் பெட்டியில் இருக்காது.

மெகாபிக்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். 50 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாகப் படம் எடுக்கும்போது நான்கு நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. 108 உள்ளது ஒன்பது ஒன்பதாகச் சேர்த்து 12 ஆக்குகிறது. ஆகக் கடைசியில் கையில் கிடைக்கும் படத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். சென்சாரின் அளவு, லென்ஸ், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி, படத்தைச் செப்பனிடும் மென்பொருள் ஆகியவைதான் தரத்தைத் தீர்மானிக்கின்றன. பின்னால் மூன்று கண் தெரிய வேண்டும் என்பதற்காகவே வைக்கப்படும் 2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த் கேமராக்களைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். கடையில் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும் ஷோகேஸைப் படம் எடுத்துப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. இருட்டான மூலையில், நடந்துகொண்டிருக்கும் ஒருவரை எடுத்துப் பாருங்கள். முகம் குழம்பினால், வீட்டில் ஓடியாடும் குழந்தையின் முகமும் குழம்பும்.

ரேமில் '8+8' என்று போட்டு 16 ஜிபி என்பார்கள். கூட்டுகிற இரண்டாவது எட்டு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. நிஜ ரேமின் வேகம் அதற்குக் கிடையாது. கேட்க வேண்டியது வேறொன்று: சேமிப்பகம் எந்த வகை? குறைந்த விலை போன்களில் வரும் இஎம்எம்சி மெதுவானது, யூஎஃப்எஸ் வேகமானது. ஆப் திறக்கும் நேரத்திலும், கேலரி விரியும் நேரத்திலும் அந்த வித்தியாசம் கையில் தெரியும்.

திரைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள், போனோடு நாம் பேசுவதே அதைத் தொட்டுத்தானே. கடையில் எல்லா டெமோ போனும் முழு வெளிச்சத்தில், நிறத்தைத் தூக்கிக் காட்டும் வீடியோவோடுதான் ஓடிக்கொண்டிருக்கும். ஏசி அறையில் இரண்டும் அழகாகத்தான் இருக்கும். கேட்டுக்கொண்டு போனை வாசல் வரை கொண்டுபோய் வெயிலில் ஒரு மெசேஜைப் படித்துப் பாருங்கள். திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு நிட்ஸ். '3000 நிட்ஸ்' என்று போட்டிருந்தாலும் அந்த உச்ச அளவு திரையின் ஒரு சிறு பகுதியில், கொஞ்ச நேரம் மட்டும் எட்டக்கூடியது. திரை முழுவதும் வெயிலில் எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்பதற்கு வேறு எண் உண்டு, அது எப்போதும் சிறியது.

அப்புறம் தமிழில் டைப் செய்து பாருங்கள். ஒரே கையில் பிடித்து, கட்டை விரலால் 'ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன்' என்று அடியுங்கள். 6.7 அங்குலத் திரையில் மேல் மூலைக்கு விரல் எட்டுகிறதா, 200 கிராமுக்கு மேல் கனக்கும்போது மணிக்கட்டு என்ன சொல்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். விளிம்பு வளைந்த திரை கண்ணுக்கு அழகு. ஆனால் உள்ளங்கை பட்டுத் தானாக எதையாவது திறக்கும், அதற்கான கண்ணாடி ஸ்க்ரீன் கார்டு சரியாக ஒட்டுவதும் கஷ்டம். கீழே விழுந்தால் திரை மாற்ற எவ்வளவு ஆகும் என்று வாங்கும் முன்பே சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுவது நல்லது. போன் விலையில் பெரும்பங்கைத் திரையே விழுங்கிவிடும் மாடல்கள் இருக்கின்றன. உறுதியான கண்ணாடி என்பதை நம்பி மணல் ஒட்டிய சட்டைப் பையில் போடவும் வேண்டாம். மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது, கீறத்தான் செய்யும்.

யாருக்காக வாங்குகிறோமோ அவரைக் கடைக்கு அழைத்துப் போகாமல் முடிவெடுப்பது இன்னொரு பெரிய தவறு. சென்ற வருடம் அம்மாவுக்கு வேறு போன் வாங்கப் போனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மேலாளரிடம் கேட்டு டெமோ போனில் என் சிம்மைப் போட்டு, சித்தியோடு ஐந்து நிமிடம் பேசச் சொன்னேன். திரை ஒழுங்காக அணைந்தது. அடுத்து கைரேகை. அம்மாவுடையது நாற்பது வருடம் பாத்திரம் தேய்த்த விரல், ரேகை மழுங்கிப்போயிருக்கிறது. திரைக்கு அடியில் ஆப்டிகல் சென்சார் வைத்திருந்த போன் ஆறு முறை முயன்றும் ஏற்கவில்லை. பக்கவாட்டு பட்டனில் சென்சார் இருந்த போன் இரண்டாவது முறையிலேயே திறந்தது. விலையில் 1,500 ரூபாய் குறைவான அதைத்தான் வாங்கினோம். எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இந்த வித்தியாசம் இருந்திருக்காது.

கடையில் கம்பெனி டி-ஷர்ட் போட்டு நிற்கும் தம்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பலருக்குச் சம்பளமும் ஊக்கத்தொகையும் கொடுப்பது அந்தக் கடை அல்ல, அந்தந்த போன் நிறுவனம். மாத இலக்கு அவர்கள் தலைமேல் இருக்கிறது. மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு நிறுவனங்களின் போன்களை ஒப்பிடும் கேள்வியை அவரிடம் கேட்காதீர்கள்.

எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று கேட்காமல் வாங்குவதுதான் பணத்தை அதிகம் கரைக்கும் தவறு என்பேன். கூகுள் 2023இல் பிக்சல் 8 முதல் ஏழு வருடம் என்று அறிவித்தது. சாம்சங் 2024இல் எஸ்24 வரிசைக்கு அதே ஏழு வருடம் தந்தது. விலை குறைந்த பல போன்களுக்கு இரண்டு, மூன்று வருடத்தோடு முடிந்துவிடும். இந்தக் கணக்கு பெரும்பாலும் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் போன வருட மாடல் ஒரு வருடத்தை ஏற்கெனவே செலவழித்துவிட்டுத்தான் வருகிறது. பாதுகாப்பு அப்டேட் நின்ற போனில் வங்கிக் கணக்கும் யூபிஐயும் இருப்பது நல்லதல்ல. 18,000 ரூபாய் போன் மூன்று வருடம் உழைத்தால் மாதம் 500 ரூபாய். 27,000 ரூபாய் போன் ஆறு வருடம் உழைத்து, நடுவில் பேட்டரி மாற்ற 3,000 ஆனாலும் மாதம் 420 ரூபாயைத் தாண்டாது. கையில் இருக்கும் பணத்துக்குள்தான் வாங்க முடியும் என்பது உண்மைதான். ஆனாலும் இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஐபோனா ஆண்ட்ராய்டா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. உங்கள் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் பாருங்கள். ஒரு சின்னப் பழுதுக்குத் திருச்சிக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டியிருந்தால், அந்த ஒரு நாள் கூலியும் போன் விலையில் சேர்ந்ததுதான். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஐபோன் என்றால் இன்னொன்றும் இருக்கிறது: ஐபோன் 14 முதல் அந்நாட்டு மாடல்களில் சிம் போடும் துளையே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். இங்கே இ-சிம் கிடைக்கும். ஆனால் போன் பழுதானால் சிம்மைக் கழற்றி வேறொன்றில் போட்டுச் சமாளிக்கிற வழி அடைபட்டுவிடும்.

5ஜி என்று எழுதியிருந்தாலே போதாது. ஜியோ 5ஜியை, 4ஜி நெட்வொர்க்கைச் சாராமல் தனித்து இயங்கும் முறையில், 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் சேர்த்துத் தருகிறது. அதை ஏற்கும் என்28 பேண்ட் உங்கள் போனில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு மாடல்களில் இது விடுபட வாய்ப்புண்டு. தண்ணீர், தூசியைத் தாங்கும் என்பதற்கான ஐபி68 தரக்குறியீட்டை நம்பிக் கடலில் இறங்க வேண்டாம், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடந்தது. தண்ணீர் புகுந்தால் பெரும்பாலான வாரண்டி கைவிரித்துவிடும். 'வட்டியில்லா இஎம்ஐ' என்றால் செயலாக்கக் கட்டணத்தையும், வங்கி கணக்கில் காட்டும் வட்டி மீது போடும் 18 சதவீத ஜிஎஸ்டியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, முடிவெடுத்து வாங்கியாயிற்று. கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் *#06# அடியுங்கள். திரையில் வரும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) பெட்டியில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கேஒய்எம் (KYM) என்று அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று பதில் வரும். பழைய போன் வாங்குகிறவர்கள் பணத்தை நீட்டும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும், திருடப்பட்டதாகத் தடை செய்த எண்ணாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பில்லை ஒரு படம் எடுத்து வேறொரு போனுக்கு அனுப்பி வையுங்கள். வெப்பக் காகிதத்தில் அடித்த பில் ஒரு கோடை தாண்டுவதற்குள் வெளுத்துவிடும், வாரண்டி கேட்கப் போகும்போது தேதி படிக்கக் கிடைக்காது.