பேசாத காமெடிக் குறும்படம் எடுக்கும் முறை

தூசி, கீறல், நடுங்கும் ஃப்ரேம் போன்ற எஃபெக்ட்டுகளை முதலில் மறந்துவிடுங்கள். 1910, 20களின் ஹாலிவுட் காமெடிகள் தியேட்டரில் பளிச்சென்றுதான் ஓடின. கீறலெல்லாம் பல கை மாறித் தேய்ந்த பிரதிகளில் விழுந்தவை. அந்தப் படங்களின் சாயல் ஃப்ரேமிலும் கேமரா ஓடும் வேகத்திலும்தான் இருக்கிறது.

அன்று ஒரு ரீல் 1,000 அடி. நொடிக்கு 16 ஃப்ரேம் கணக்கில் சுமார் 16 நிமிடம். முதல் முயற்சிக்கு 5 நிமிடம் போதும். ஓர் இடம், இரண்டு பேர், ஒரே ஒரு பொருள்: ஏணியோ மடக்கு நாற்காலியோ. அதை வைத்து என்னவெல்லாம் சொதப்பலாம் என்று 20 வரி எழுதி, ஐந்தைப் பொறுக்கி, சின்னதில் தொடங்கிப் பெரியதில் முடியும்படி அடுக்குங்கள்.

1895இல் லூமியேர் சகோதரர்கள் காட்டிய தோட்டக்காரர் படம் இன்றைக்கும் நல்ல பாடம். அவர் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றதும் அவர் குழாய் முனையை உற்றுப் பார்க்க, பையன் காலை எடுக்கிறான். காலும் முகமும் ஒரே ஷாட்டில் இருப்பதால், நடக்கப்போவது அவருக்கு முன்னால் நமக்குத் தெரிகிறது. க்ளோஸ்-அப்பாக நறுக்கியிருந்தால் சிரிப்பு செத்திருக்கும்.

ஆகவே 4:3 ஃப்ரேம், முழு உருவம், செருப்புக்குக் கீழே கொஞ்சம் தரை. கணுக்காலில் வெட்டினால் வழுக்கியதா தடுக்கியதா என்றே புரியாது. போனில் 1x லென்ஸ் ஓரங்களை இழுத்துக் காட்டும். 2x வைத்து, சுமார் 6 மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில் ட்ரைபாடில் நிறுத்துங்கள்.

இனி வேகம். அன்று கேமராவைக் கையால் சுற்றினார்கள். அப்போதைய பெல் அண்ட் ஹோவல் 2709 கேமராவில் ஒரு சுற்றுக்கு 8 ஃப்ரேம். சண்டைக்கும் துரத்தலுக்கும் மெதுவாகச் சுற்றினால், திரையில் ஆட்கள் விறுவிறுவென்று ஓடுவார்கள். இதற்கு இன்று நொடிக்கு 18 ஃப்ரேமில் எடுத்து 24இல் ஓட்ட வேண்டும்; அதாவது 133 சதவீத வேகம். கேமராவில் 18 இல்லையென்றால் 60இல் எடுத்து, எடிட்டிங்கில் 24 ஃப்ரேம் டைம்லைனில் வேகத்தை 133 சதவீதம் வையுங்கள். 24இல் எடுத்து வேகத்தைக் கூட்டினால் நாலில் ஒரு ஃப்ரேம் காணாமல் போய் அசைவு திக்கும். ஷட்டரை 1/60 நொடியில் பூட்டுங்கள். வெயிலில் ஆட்டோவில் விட்டால் 1/1000க்கு மேல் ஏறி, ஓட்டம் வெட்டி வெட்டித் தெரியும். வெயிலிலும் 1/60இல் நிறுத்த, லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் தேவைப்படும். துரத்தலுக்கு 150 சதவீதம் வரை போகலாம். அதற்கு மேல் பொம்மலாட்டம்தான்.

பலரும் கோட்டை விடுவது நிறுத்தங்களில். படப்பிடிப்பில் நாலு எண்ணினால் திரையில் மூன்றுதான் மிஞ்சும். அடி வாங்கியவர் திகைத்து நிற்கும் நேரத்தை அந்தக் கணக்கில் கூட்டி நடிக்கச் சொல்லுங்கள். பின்னணியில் புகை, கொடி, போக்குவரத்து எதுவும் வேண்டாம். வேகம் கூட்டிய குட்டை அவைதான் உடைக்கும்.

அந்தக் கால ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. உதடு கறுக்கும், வானம் வெளுக்கும். எடிட்டிங்கில் கறுப்பு வெள்ளையாக்கும்போது, எந்த நிறம் எவ்வளவு சேர வேண்டும் என்று சொல்லும் சேனல் மிக்ஸரில் சிவப்பு 0, பச்சை 40, நீலம் 60 என்று வைத்தால் அதே தோற்றம் வரும். நம் தோல் நிறத்துக்கு இது முகபாவத்தையே விழுங்கிவிடும் என்பதால், சிவப்பை 20க்கு ஏற்றி, பச்சை 40, நீலம் 40 ஆக்குங்கள். வெளிர் சுவர், கறுப்பு கோட்டு என்று பிரித்தால் உருவம் எடுப்பாகத் தெரியும். தலைக்கு மேல் வெள்ளை மல் துணி கட்டி வெயிலை மட்டுப்படுத்துங்கள். அன்றைய திறந்தவெளி ஸ்டூடியோக்களிலும் மஸ்லின் துணிதான்.

வாழைப்பழத் தோலில் யாரும் நிஜமாக வழுக்கக் கூடாது. தோலை டபுள் டேப்பால் தரையில் ஒட்டி, மிதித்த காலை நடிகரே முன்னால் வீசி எறியட்டும். தாடையை நெஞ்சில் ஒட்டி, ஒரு பக்கப் புட்டத்தில் விழ வேண்டும். வால் எலும்பில் விழுந்தால் வாரக்கணக்கில் உட்கார முடியாது. கையை விறைப்பாக ஊன்றினால் மணிக்கட்டு போகும். பயிற்சி முழுக்க 10 செ.மீ. ஃபோம் மெத்தையில்.

முகத்தில் கிரீம் அப்ப ஷேவிங் ஃபோம் வேண்டாம், கண் எரியும். விப்பிங் கிரீம் 200 மி.லி. கெட்டியாக அடித்து, 20 செ.மீ. காகிதத் தட்டில் நிரப்பி, ஐஸ் பெட்டியிலிருந்து கடைசி நொடியில் எடுங்கள். இளகினால் முகத்தில் நிற்காமல் வழியும். எறியாமல், பக்கத்தில் நின்று அமுக்குவது குறி தப்பாது. ஒரே மாதிரிச் சட்டை மூன்று இருக்கட்டும், ஒவ்வொரு டேக்கிலும் ஒன்று பாழ். அப்பியதும் கட் சொல்லிவிடாதீர்கள்: இரண்டு விரலால் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு அவர் எதிராளியைப் பார்க்கும் பார்வையில்தான் சிரிப்பு வரும்.

வசனத்தை எழுத்தில் காட்டும் வசன கார்டு ஐந்து போதும், ஒவ்வொன்றிலும் ஏழெட்டுச் சொல். இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கும் நேரம் திரையில் நிற்கட்டும். இசை சேர்க்குமுன், கதை தெரியாத ஒருவருக்குச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டுங்கள். “இப்ப என்ன ஆச்சு?” என்று அவர் கேட்கும் இடத்தில் கார்டு போட்டு ஒட்டாமல் ஷாட்டைத் திரும்ப எடுங்கள். இசைக்கு, 1917இல் இறந்த அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளினின் ராக்டைம் (துள்ளலான பியானோ இசை) மெட்டுகளுக்கு உரிமைப் பிரச்சினை இல்லை. ஆனால் பிறர் வாசித்த பதிவுகளுக்குத் தனி உரிமை உண்டு. தெரிந்தவரைக் கீபோர்டில் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.