கைரல் துணை: கட்டுவதிலும் கழற்றுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஒரேயொரு டயஸ்ரீரியோமர்தான் அண்ணா" என்று, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் நிறமாலைத் தாளை நீட்டினேன். வெள்ளவத்தையிலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வரும் மூத்த மாணவர் தாளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "கொலத்துக்கு முதல் எடுத்தனியா?" என்று மட்டும் கேட்டார். விளைவைத் தூய்மையாக்கும் சிலிக்கா நிரலைத்தான் கொலம் என்போம். எடுக்கவில்லை.

கைரல் துணை என்பது தாக்கத்தின் திசையைத் தீர்மானிக்க மூலக்கூறில் தற்காலிகமாகக் கட்டி, பிறகு கழற்றும் துண்டு. ஆடிவிம்பங்களாக வரவேண்டிய இரண்டு விளைவுகளையும் அது டயஸ்ரீரியோமர்களாக்கிவிடும், அதாவது ஒன்றுக்கொன்று ஆடிவிம்பமல்லாத வெவ்வேறு வடிவங்களாக்கிவிடும். அதனால் அவை சிலிக்காவிலேயே பிரிந்துவிடும். இது பெரிய வசதிதான், ஆனால் கொலத்துக்குப் பிறகு எடுக்கும் விகிதம் கொலத்தின் கெட்டித்தனத்தைத்தான் காட்டும். தாக்கம் எவ்வளவு தேர்ந்தது என்று அறிய, தூய்மையாக்காத கலவையில் சிறிது எடுத்து அளந்து குறித்துவையுங்கள். 95:5 என்பது, வித்தியாசத்தை எடுத்தால், 90% டயஸ்ரீரியோமர் மிகை. 95% என்று எழுதிவிடாதீர்கள்.

அந்த அளவீட்டுக்கும் தெரியாத ஒன்று உண்டு. வாங்கிய துணையிலேயே 1% எதிர் ஆடிவிம்பம் கலந்திருந்தால், அது தன் பங்குக்கு எதிர் விளைவைத் தரும். அந்த விளைவு உங்கள் முதன்மை விளைவின் ஆடிவிம்பம் என்பதால் என்எம்ஆரிலும் தெரியாது, கொலத்திலும் பிரியாது. துணையைக் கழற்றியபின், ஆடிவிம்பங்களையே பிரித்துக் காட்டும் கைரல் எச்பிஎல்சி கருவியில்தான் வெளிப்படும். அதனால் தொடங்குமுன் போத்தலைச் சோதியுங்கள்.

நான் அதிகம் காணும் தவறு இனிமேல்தான். 1981இல் அமெரிக்க வேதியியலாளர் டேவிட் எவன்ஸின் குழு வெளியிட்ட ஒட்சசோலிடினோன் துணையை எடுத்துக்கொள்வோம். துணை கட்டிய மூலக்கூறிலிருந்து புரோத்தனை நீக்கிக் கிடைக்கும் லித்தியம் ஈனொலேற்றை அற்கைலேற்றும்போது, அதாவது அதில் காபன் தொகுதியைச் சேர்க்கும்போது, உலோகம் ஈனொலேற்றின் ஒட்சிசனையும் துணை வளையத்தின் காபனைலையும் (C=O) சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஈனொலேற்றின் ஒரு முகத்தை வலீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து வந்த ஐசோபுரோப்பைல் மறைக்க, மற்ற முகத்தில் தாக்கம் நடக்கும். இதைப் படித்தவர், ஈனொலேற்றோடு அல்டிகைட்டைச் சேர்க்கும் அல்டோல் தாக்கத்திலும் அதே முகம்தான் என்று பலகையில் வரைந்துவிடுவார். ஆனால் அங்கே லித்தியத்துக்குப் பதிலாக வரும் டைபியூற்றைல் போரனுக்கு நான்கு கைகள் (பிணைப்புகள்)தான்: இரண்டு பியூற்றைல், ஈனொலேற்று ஒட்சிசன், உள்ளே வரும் அல்டிகைட்டின் ஒட்சிசன். வளையத்தின் காபனைலுக்கு இடமில்லை. இருமுனைவுகள் ஒன்றையொன்று எதிர்க்கும்படி துணை சுழன்றுகொள்ள, திறந்திருக்கும் முகமும் மாறிவிடும். துணையின் பெயரை மட்டும் வைத்து முகத்தைத் தீர்மானிக்காதீர்கள். எந்த உலோகம், அதற்கு எத்தனை கைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

பென்சைல், அலைல் புரோமைட்டுகள் இந்த ஈனொலேற்றோடு நன்றாகத் தாக்கும். எதைல் அயடைட்டு மந்தம். மந்தமென்று சூடாக்கினால் ஈனொலேற்று கீற்றீனாக உடையத் தொடங்கும். வேதியியலாளர் மையர்ஸ் துணையாகப் பயன்படுத்திய சூடோஎபிட்ரினின் அமைட்டுகள் இங்கே மேல், ஆனால் சூடோஎபிட்ரின் போதைப்பொருள் செய்யப் பயன்படக்கூடியதால் சர்வதேசக் கட்டுப்பாட்டிலுள்ள முன்னோடிப் பொருள். அனுமதிப்பத்திரம் கையில் வருமுன் திட்டத்தில் எழுதாதீர்கள். அந்த முறைக்கு வேண்டிய லித்தியம் குளோரைட்டு, கொழும்புக் காற்றில் மூடி திறந்த சில நிமிடங்களிலேயே ஈரம் குடிக்கும். வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்திவிட்டுத்தான் நிறுக்க வேண்டும்.

கடைசியில் கழற்றுதல். லித்தியம் ஐதரொட்சைட்டு மட்டும் போதும் என்று நினைத்து நான் இரண்டு கிராமைப் பாழாக்கினேன். பக்கத்துக் காபன் கிளைத்திருந்தால் ஐதரொட்சைட்டு வளையத்துக்கு வெளியேயுள்ள காபனைலை (வெளிக்காபனைலை) எட்ட முடியாமல் வளையக் காபனைலைத் தாக்கும். வளையம் திறந்து துணையும் போய்விடும், அமிலமும் கிடைக்காது. ஐதரசன் பேரொட்சைட்டையும் சேர்த்து 0 பாகையில் செய்தால் ஐதரோபேரொட்சைட்டு வெளிக்காபனைலையே தேடிப்போகும். இதிலும் பழைய போத்தல் வேண்டாம். எங்கள் வெக்கையில் அலுமாரியில் கிடந்த பேரொட்சைட்டு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? முடிவில் சோடியம் சல்பைற்றைத் துளித்துளியாகச் சேருங்கள், சூடேறும். பேரொட்சைட்டு கிடக்கும் குடுவையை ஒருபோதும் மூடாதீர்கள்.

மீண்ட துணையை உலர்த்தி, எடை பார்த்து அடுத்த தடவைக்கு வைக்குமுன் அதையும் கைரல் எச்பிஎல்சியில் ஒருமுறை ஓட்டுங்கள்.