ஏவிஎம் கூட அனியூரிசமும் இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா அதை எப்படிப் படிக்கிறது

குடியாத்தத்துல இருக்கற என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு திடீர்னு பிட்ஸ் வந்து, வேலூர் கூட்டிக்கினு வந்து ஸ்கேன் எடுத்தா மூளைல ஏவிஎம் (ரத்தக்குழாய்ங்க தப்பா பின்னிக் கெடக்கறது), அதோட ரெண்டு அனியூரிசம்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கி ராத்திரி லாட்ஜ்ல ரிப்போர்ட்ட கைல வச்சிக்கினு ஒரு வரி கூட புரியாம உக்காந்திருந்தோம். நான் டாக்டர் இல்ல, ஆனா அப்பறம் ஒவ்வொரு வரியையும் கேட்டுக் கேட்டு எழுதி வச்சேன், அதே நெலமைல இருக்கறவங்களுக்கு உதவட்டும்னு இங்க போடறேன்.

மொதல்ல விஷயம் இன்னான்னா, இதயத்துலேர்ந்து ஆர்ட்டரில வர்ற ரத்தம் முடி மாதிரி சின்னக் குழாய்ங்க வழியா போயி வேகம் கொறஞ்சு தான், திரும்ப எடுத்துட்டுப் போற வெயினுக்குப் போகணும், ஏவிஎம்ல அந்தச் சின்னக் குழாயே இல்ல, போர்வெல் மோட்டர் அடிக்கிற தண்ணிய நேரா மெல்லிசு டியூப்ல விட்ட மாதிரி. இப்படி ரத்தக்குழாய்ங்க நூல்கண்டு மாதிரி சிக்கிக் கெடக்கற எடத்துக்கு நைடஸ்னு பேரு. அதுக்கு ரத்தம் கொண்டு போற ஆர்ட்டரிலயும் வருஷக்கணக்கா ஓட்டம் அதிகமா இருக்கறதால அதோட சுவர் எங்கயாவது பலூன் மாதிரி புடைக்கும், அது தான் அனியூரிசம்.

ரிப்போர்ட்ட எடுத்த உடனே நாங்க கேட்டது எத்தன மில்லிமீட்டர்னு. அது இல்லைங்க மொத கேள்வி, எந்த எடத்துல இருக்குன்றது தான். இன்ட்ராநைடல்னு எழுதியிருந்தா சிக்கலுக்கு உள்ளயே இருக்கு, சுவர் ரொம்ப மெல்லிசு, வெடிக்கிற பயம் அதிகம்னு டாக்டருங்க இத தான் சீரியஸா எடுத்துக்கறாங்க. ஃபீடிங் ஆர்ட்டரின்னோ ஃப்ளோ ரிலேட்டட்னோ இருந்தா ரத்தம் கொண்டு வர்ற வழில இருக்குன்னு அர்த்தம், அதுலயும் நைடஸ் பக்கத்துல இருக்கறது ஏவிஎம்ம அடைச்சதும் தானா சுருங்க வாய்ப்பிருக்கு, தூரமா மூளையோட அடிப்பக்கத்துல இருக்கறது சுருங்கும்னு நம்பிக்கினு இருக்க முடியாது, அதுக்குத் தனியா காயிலோ (உள்ள கம்பிச்சுருள் வச்சு அடைக்கறது) கிளிப்போ (வெளிய கவ்வி போடறது) வேணுமான்னு கேளுங்க. ஏவிஎம்முக்கு சம்பந்தமே இல்லாத ஆர்ட்டரில இருந்தா அது வேற கணக்கு, அங்க தான் சைஸ் முக்கியமா வருது.

ஏற்கனவே ரத்தக் கசிவு ஆயிருந்தா எது கசிஞ்சதுன்னு கண்டிப்பா கேளுங்க, அனியூரிசமா நைடஸா. கசிஞ்சத தான் பொதுவா முதல்ல சரி பண்ணுவாங்க.

அப்பறம் இன்னும் மூணு விஷயம் தேடுங்க. முன்னாடி கசிவு ஆச்சா, ஏவிஎம் மூளையோட ஆழத்துல இருக்கா, ரத்தம் ஆழமான வெயின் வழியா மட்டும் வெளிய போவுதா. 2013-ல பல ஆராய்ச்சிய ஒண்ணு சேத்துப் பாத்த கணக்குல, முன்னாடி கசிஞ்சிருந்தா மறுபடி கசியற ஆபத்து சுமார் 3.2 மடங்கு, ஆழத்துல இருந்தா 2.4, ஆழமான வெயின் மட்டும்னா 2.4, அனியூரிசம் கூட இருந்தா 1.8 மடங்கு. அதாவது அனியூரிசம் முக்கியம் தான், ஆனா பழைய கசிவு அதவிடப் பெருசு. எங்க வீட்டுல அனியூரிசம்ன்ற வார்த்தைய மட்டும் புடிச்சிக்கினு அழுதாங்க, மத்த மூணும் இல்லன்றத யாரும் கவனிக்கவே இல்ல.

ஸ்பெட்ஸ்லர் மார்ட்டின் கிரேடுன்னு 1-லேர்ந்து 5 வரைக்கும் ஒரு நம்பர் இருக்கும். கிரேடு 4-னா சீக்கிரம் வெடிச்சிடும்னு நெனைக்காதீங்க, அது ஆபரேஷன் பண்ணா எவ்ளோ ரிஸ்க்குன்னு சொல்றதுக்காக 1986-ல வந்த கணக்கு, கசியறதச் சொல்றதுக்கு இல்ல.

கசியற ஆபத்து வருஷத்துக்கு 2, 3 சதவீதம்னு சொல்லுவாங்க, கம்மி மாதிரி கேக்கும். 3 சதவீதம்னா பத்து வருஷத்துல நூறு பேர்ல 26 பேருக்கு, 1 சதவீதம்னா சுமார் 10 பேருக்கு. அதனால எனக்கு வருஷத்துக்கு எவ்ளோன்னு உங்க ரிப்போர்ட்ட வச்சே கேளுங்க, வயசு முப்பதா அறுபதான்றதும் முடிவ மாத்தும். கசியாத ஏவிஎம்ம எல்லாம் உடனே கை வைக்கணும்னும் இல்ல, 2014-ல வந்த அரூபா ஆராய்ச்சில மருந்து மட்டும் குடுத்தவங்கள்ல 10 சதவீதம் பேருக்கு ஸ்ட்ரோக்கோ மரணமோ ஆச்சு, ஆபரேஷன் மாதிரி சிகிச்சையும் பண்ணவங்கள்ல 30 சதவீதத்துக்கு மேல. ஆனா அவங்கள சராசரியா மூணு வருஷம் கூட கவனிக்கல, அதனால இளவயசுக்காரருக்கு அத அப்படியே பொருத்திப் பாக்க முடியாதுன்னும் டாக்டருங்க சொல்றாங்க. இந்தியாலயே முதல் நியூரோசர்ஜரி டிபார்ட்மெண்ட்ட ஜேக்கப் சாண்டி 1949-ல நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில தான் ஆரம்பிச்சாரு, கேட்டுத் தெரிஞ்சிக்க நம்ம ஊர்லயே ஆள் இருக்காங்க, தயங்காதீங்க.

ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, டிஎஸ்ஏ ஆஞ்சியோ (ரத்தக்குழாய்க்குள்ள மருந்து விட்டு எடுக்கற எக்ஸ்ரே) படம் இருக்கற சிடியையும் வாங்கிக்கினு வாங்க, வேற டாக்டர்கிட்ட காட்டணும்னா அது இல்லாம ஒண்ணும் சொல்ல முடியாது. எங்களுக்கு சிடி குடுக்காம அனுப்பிட்டாங்க, அதுக்காக இன்னொரு நாள் அலைஞ்சோம்.

நம்ம கைல இருக்கறது பிபியும் பீடியும் தான். எங்க மாப்பிள்ள இருபது வருஷமா பீடி, புகை அனியூரிசம் சுவரக் கெடுக்கும்னு தெரிஞ்சதும் விட்டுட்டாரு. தலவலிக்கு ஆஸ்பிரின், புரூஃபென்னு கடையில வாங்கி முழுங்காதீங்க, டாக்டரக் கேட்டுட்டு தான். பிட்ஸ் மாத்திரைய ஒரு வேள கூட விடாதீங்க.

திடீர்னு வாழ்நாள்ல வராத அளவு தலவலி, வாந்தி, ஒரு பக்கம் கை கால் வராம போறது, நெனவு தப்புறது, இதுல எது வந்தாலும் உடனே 108. பிட்ஸ் வந்தா சாவி, இரும்பு எதயும் கைல திணிக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில தண்ணி ஊத்தாதீங்க. ஆம்புலன்ஸ்ல ஏறும்போதே ஏவிஎம் இருக்கு, அனியூரிசம் இருக்குன்னு சொல்லிடுங்க, ரிப்போர்ட் சிடி எல்லாத்தையும் ஒரே பையில போட்டு வாசக்கதவு கிட்ட ஆணில மாட்டி வைங்க, எங்க தங்கச்சி வீட்டுல அப்படித் தான் தொங்குது.