எலும்பு மஜ்ஜைச் செல்கள் மீது ஒரு சைட்டோகைனின் விளைவைச் சோதிப்பது எப்படி?

நோய் எதிர்ப்புச் செல்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளச் சுரக்கும் புரதங்களான சைட்டோகைன்கள், ரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜையையும் சென்றடைகின்றன. தொற்றின்போது நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் பெருகுவதிலும், நீடித்த அழற்சியின்போது சிவப்பணுக்கள் குறைவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. ஒரு சைட்டோகைன் மஜ்ஜைச் செல்களைத் தூண்டுகிறதா, அடக்குகிறதா என்று முதன்முறையாகச் சோதிக்க விரும்பும் ஆய்வு மாணவருக்குக் காலனிச் சோதனையே நல்ல தொடக்கம். 1965-இல் இஸ்ரேலில் புளூஸ்னிக், சாக்ஸ் ஆகியோரும், 1966-இல் ஆஸ்திரேலியாவில் பிராட்லி, மெட்கால்ஃப் ஆகியோரும் தனித்தனியே வெளியிட்ட முறை இது. மெத்தில்செல்லுலோஸ் போன்ற அரைத்திட ஊடகத்தில் சிக்கிய முன்னோடிச் செல், அதாவது ரத்த அணுக்களாக முதிரவிருக்கும் இளம் செல், இருந்த இடத்திலேயே பிரிந்து பெருகுவதால், ஒரு காலனியை ஒரு செல்லின் சந்ததியாகக் கொள்ளலாம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது ஊடகத்தில் எந்த வளர்ச்சிக் காரணிகள் இருக்க வேண்டும் என்பதை. அடக்கும் சைட்டோகைனை, எடுத்துக்காட்டாக இன்டர்ஃபெரான்-காமாவைச் சோதிப்பதானால், காலனிகள் நன்கு வளரும் அடித்தளம் தேவை. எலிச் செல்களுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு மூலச்செல் காரணி 50 நானோகிராம், இன்டர்லூக்கின்-3, இன்டர்லூக்கின்-6 தலா 10 நானோகிராம், சிவப்பணு வளர்ச்சியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் 3 அலகு என்பது பரவலாகப் பயன்படும் கலவை. தூண்டும் காரணியைச் சோதிக்க இதே கலவையை எடுத்தால் எதுவும் தெரியாது. ஏற்கெனவே உச்சத்தில் வளரும் செல்களை மேலும் தூண்ட இடமில்லை. அப்போது சோதிக்கப்படும் காரணியைத் தவிர வேறெதுவும் இல்லாத தட்டும், எந்தக் காரணியும் இல்லாத தட்டும் வேண்டும். பின்னதில் காலனிகள் ஏறக்குறைய இல்லாமல் இருந்தால்தான் மற்ற எண்களுக்குப் பொருள் உண்டு.

சைட்டோகைன் எந்த உயிரினத்தினுடையது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். காலனி வளர்ச்சியைத் தூண்டும் காரணிகளில் மனித ஜி-சி.எஸ்.எஃப் எலிச் செல்களில் வேலை செய்யும், மனித ஜி.எம்-சி.எஸ்.எஃப், இன்டர்லூக்கின்-3, இன்டர்ஃபெரான்-காமா ஆகியவை செய்யா. அழற்சிச் சைட்டோகைனான மனித டி.என்.எஃப்-ஆல்ஃபா, அதைப் பற்றிக்கொள்ளும் எலியின் இரு ஏற்பிப் புரதங்களில் முதலாவதோடு மட்டுமே இணைவதால், அதனால் கிடைக்கும் விளைவு பாதி உண்மையாகவே இருக்கும். இந்தப் பாதி உண்மைதான் முழுத் தோல்வியைவிட ஆபத்தானது.

விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற பிறகு, எலியின் தொடை எலும்பின் இரு முனைகளையும் வெட்டி, குளிர்ந்த ஊடகத்தை ஊசியால் செலுத்தி மஜ்ஜையை வெளியேற்றவும். அம்மோனியம் குளோரைடு கரைசலால் சிவப்பணுக்களைச் சிதைத்து, கழுவி, இறந்த செல்களில் மட்டும் ஏறும் டிரைபான் நீலச் சாயத்தால் உயிருள்ள செல்களை எண்ணவும். 35 மில்லிமீட்டர் தட்டு ஒன்றுக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் செல்கள் போதும். கூடினால் காலனிகள் ஒன்றோடொன்று ஒட்டி எண்ண முடியாமல் போகும். மெத்தில்செல்லுலோஸ் பாகு போன்றது என்பதால், பிப்பெட் முனையில் அளவு தவறும். மழுங்கிய பருத்த ஊசியும் சிரிஞ்சும் கொண்டு, குமிழிகள் மேலெழுந்து அடங்கிய பிறகு ஊற்ற வேண்டும். ஒவ்வொரு செறிவுக்கும் மூன்று தட்டுகள் வைத்து, ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 முதல் 100 நானோகிராம் வரை பத்துப் பத்து மடங்காக உயர்த்தவும். அருகில் நீர் நிரப்பிய தட்டை வைக்காவிட்டால் ஓரங்கள் காய்ந்துவிடும்.

37 டிகிரி செல்சியஸில், 5 விழுக்காடு கரியமில வாயுவில், ஏழு முதல் பன்னிரண்டு நாட்களில் காலனிகளை எண்ணலாம். சிறிய சிவப்பணுக் காலனிகளை மட்டும் இரண்டு, மூன்று நாட்களிலேயே பார்த்துவிட வேண்டும், பிறகு அவை மறைந்துவிடும். எந்தத் தட்டில் எந்தக் காரணி என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது.

எண்ணிக்கை குறைந்தால் செல்கள் இறந்தன என்று எழுதிவிடக் கூடாது. அவை பிரியாமல் நின்றிருக்கலாம், அல்லது விரைந்து முதிர்ந்து பெருகும் திறனை இழந்திருக்கலாம். செல்களைத் திரவ ஊடகத்தில் ஒரு நாள் சைட்டோகைனுடன் வைத்து, நன்கு கழுவி, காரணிகளுள்ள ஊடகத்தில் ஊற்றவும். காலனிகள் மீண்டால் அது தற்காலிகத் தடை. மீளாவிட்டால், மடியும் செல்களில் ஒட்டும் அனெக்சின்-வி கொண்டு சாயமேற்றி, மடிந்தனவா முதிர்ந்தனவா என்று பிரித்தறியவும்.

அடுத்தது, விளைவு நேரடியானதா என்ற கேள்வி. முழு மஜ்ஜையில் மேக்ரோஃபேஜ்களும் டி செல்களும் இருப்பதால், நாம் சேர்த்த சைட்டோகைன் அவற்றைத் தூண்டி, அவை சுரக்கும் வேறொன்று முன்னோடிகளைத் தாக்கியிருக்கலாம். முதிர்ந்த செல்களை நீக்கி மீண்டும் செய்வது ஒரு வழி. அந்தச் சைட்டோகைனின் ஏற்பி இல்லாத எலியின் செல்களையும் சாதாரணச் செல்களையும் அடையாளமிட்டு ஒரே கிண்ணத்தில் கலந்து வளர்ப்பது அதைவிட வலுவான வழி, ஏனெனில் இரண்டும் சமமாகப் பாதிக்கப்பட்டால் விளைவு மறைமுகமானது என்பது உறுதி. மூலச்செல்களைத் தேர்ந்தெடுக்க அவற்றின் மேற்பரப்பிலுள்ள எஸ்.சி.ஏ-1 என்ற புரதக் குறியைப் பயன்படுத்துபவர்கள், இன்டர்ஃபெரான்-காமா அந்தக் குறியையே உயர்த்திவிடும் என்பதை மறக்கக் கூடாது. மூலச்செல்கள் பெருகியதாகத் தோன்றுவது, வேறு செல்களிலும் அந்தக் குறி ஏறியதன் விளைவாக மட்டுமே இருக்கலாம்.

பாக்டீரியாவில் தயாரான சைட்டோகைனில், கொதிக்க வைத்தாலும் எளிதில் சிதையாத எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு கலந்திருக்க வாய்ப்புண்டு. அது தானே மஜ்ஜைச் செல்களைத் தூண்டும். ஒரு பங்கைக் கொதிக்க வைத்துச் சேர்த்துப் பாருங்கள். புரதம் சிதைந்தும் விளைவு நீடித்தால், அது எண்டோடாக்சினின் வேலையாக இருக்கலாம். அந்தக் குப்பியை ஒதுக்கிவிடுவது நல்லது.